பொட்டு வைத்த இரும்பை எடைக்குப் போடாதீர்கள்

போன தை மாதம் ஒரு காலை. பூம்புகாரில் தருமகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பெரியப்பா வீட்டுக் கொல்லையில் ஒரு குட்டியானை வண்டி பின்பக்கமாக வந்து நின்றது. காயலான் கடைக்காரர் இறங்கினார். கூட இரண்டு பையன்கள், ஒரு சம்மட்டி, ஒரு கேஸ் கட்டர். பெரியப்பா காலமாகி அப்போது மூன்று மாதம்கூட முடியவில்லை.

கொட்டகையில் இருந்தது அவருடைய கடைசல் லேத். வார்ப்பு இரும்பில் ஆறடி நீளப் படுகை, நாலு படி வைத்த கப்பி, தோல் பெல்ட். அதன் தலைப்பகுதியில் போன ஆயுத பூஜைக்கு பெரியப்பா தன் கையால் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. அதன் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு கடைக்காரர் கணக்குச் சொன்னார். "முன்னூத்தி எண்பது கிலோ தேறும் சார். கிலோ முப்பது. பதினோராயிரத்து நானூறு. இங்கேயே ஒடச்சி எடுத்துக்கறோம், உங்களுக்குத் தூக்குற வேலை இல்ல."

அண்ணன், அதாவது பெரியப்பாவின் மூத்த மகன், சரி என்று தலையாட்டிவிட்டார். நான் குறுக்கே நின்றேன். வண்டி திரும்பிப் போனது. அன்றைக்கு வீட்டில் எழுந்த பேச்சுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். என் கட்சியை இங்கே முழுசாகச் சொல்லிவிடுகிறேன். ஓடுகிற நிலையில் இருக்கிற ஒரு தொழில் கருவியை எடைக்குப் போடுவது தப்பு. அதை வரவேற்பறையில் பொம்மையாக நிறுத்துவதும் தப்புதான். அது போகவேண்டிய இடம் அதை ஓட்டத் தெரிந்த, அல்லது ஓட்டக் கற்றுக்கொள்ள விரும்புகிற ஒரு ஆளின் பட்டறை. அந்த ஆளைத் தேடுவது, இறந்தவருக்கு நாம் செய்யும் காரியங்களில் ஒன்று. பதினாறாம் நாளோடு அது முடிந்துவிடுவதில்லை.

இப்படிப் பேசுவதற்கு எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்டால், இல்லை. பன்னிரண்டு வருஷம் முன்னால் அதே கொட்டகையில் ஒரு பேண்ட் சா இருந்தது, பட்டை ரம்பம் சுற்றும் அறுவை இயந்திரம். பெரியப்பாவுக்குக் கண் மங்கியது. அதை ஓட்ட வேண்டாம் என்று எல்லாருமாகச் சொல்லி விற்றோம். ஆள் பார்த்துக் கூட்டிவந்தவன் நான்தான். இரண்டு பெரிய சக்கரத்தையும் தூக்க முடியாமல் சம்மட்டியால் அடித்தார்கள். வார்ப்பு இரும்பு வளையாது, நெளியாது. கண்ணாடி மாதிரி சில்லுச் சில்லாகப் போகும். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதமே சீர்காழிப் பக்கமிருந்து ஒருவர் வந்து, "பேண்ட் சா இருக்குன்னு சொன்னாங்களே, குடுப்பீங்களா?" என்று கேட்டார். அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதே நினைவில்லை. அவர் முகம் மட்டும் நினைவிருக்கிறது.

அந்த லேத் என்ன வேலை செய்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கட்டை வண்டிச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடம், கருவேலங்கட்டையில் கடைந்தது. அதில் துளை போட்டு ஆரக்கால் இறக்கி, வட்டை சேர்த்து, பட்டா போட்டால் சக்கரம். கட்டில் கால், ஊஞ்சல் சங்கிலிக்கு மேலே வரும் குமிழ், தொட்டில் கம்பு, மோர் கடையும் மத்து, நடைவண்டி உருளை, பிள்ளைகளுக்குப் பம்பரம், மச்சுப்படிக் கைப்பிடியின் கீழ் நிற்கும் கடைசல் தூண்கள் எல்லாம் அதில் பிறந்தவை. திருவெண்காடு முதல் பூம்புகார் வரை பழைய வீடுகளில் இன்றும் இருக்கும் படிக்கட்டுத் தூண்களில் எது பெரியப்பா பிடித்த கடைசல் என்று எனக்கு அடையாளம் தெரியும். கழுத்துக்குக் கீழே இரண்டு மெல்லிய கோடு இழுப்பார். அதுதான் அவர் கையெழுத்து.

அந்த வேலை ஏன் போனது என்பதும் ஒன்றும் மர்மமில்லை. டிராக்டர் வந்தது, கட்டை வண்டி போயிற்று. வண்டி போனதும் குடத்துக்கு வேலை இல்லை. இரும்புக் கட்டில் வந்தது. மிக்சி வந்தது, மத்து ஆணியில் தொங்கியது. கடற்கரையில் ஓடாவிகள் மரத்தில் வள்ளம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்தவை கண்ணாடி இழைப் படகுகள். கட்டுமரம் கடற்கரையில் அபூர்வமாகிவிட்டது. இதில் யார் மேலும் வழக்குப் போட முடியாது. மீனவருக்கு இலேசான படகு வேண்டும், விவசாயிக்குச் சீக்கிரம் உழ வேண்டும். எல்லாம் நியாயம். ஆனால் ஒரு தொழில் சுருங்கிவிட்டது என்பதற்காக அதன் கருவிகளை உடைத்துப் போட வேண்டும் என்று எந்த நியாயமும் சொல்லவில்லை. தொழில் சுருங்கியதே தவிர சாகவில்லை. மிச்சமிருக்கும் நாலு பேருக்காவது கருவி வேண்டும்.

நம் ஊர்ப் பெருமையைக் கொஞ்சம் பார்ப்போம். பூம்புகார் என்றதும் மார்தட்டுவோம். சித்ரா பௌர்ணமிக்கு இந்திர விழா மேடையில் ஏறி இரண்டாயிரம் வருஷப் பழமை பேசுவோம். சரி, சிலப்பதிகாரத்தில் மருவூர்ப்பாக்கத்துத் தெருக்களை இளங்கோவடிகள் எப்படிக் காட்டுகிறார்? வணிகரை மட்டுமா சொல்கிறார்? மரத்தச்சர், கொல்லர், கன்னார், பொற்கொல்லர், தோல் வேலை செய்பவர் என்று கைத்தொழிலாளர்களை வரிசையாக நிறுத்துகிறார். மணிமேகலையில் இன்னும் ஒரு படி மேலே. புகாரில் சோழன் மண்டபம் ஒன்றைத் தமிழ்நாட்டுக் கைவினைஞரோடு மகத நாட்டார், மராட்டர், அவந்தி நாட்டார், யவனத் தச்சர் எல்லாரும் சேர்ந்து எழுப்பியதாகச் சாத்தனார் சொல்கிறார். வெளிநாட்டுத் தச்சன் வந்து நம் ஆளோடு சேர்ந்து வேலை பார்த்த ஊர் இது. கீழையூரில் 1960களில் தொல்லியல் துறையினர் தோண்டியபோது செங்கல் படகுத்துறையோடு மரக்கம்பங்களும் கிடைத்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய கம்பத்தை மண்ணுக்குள்ளிருந்து பத்திரமாக எடுக்கிறோம். மண்ணுக்கு மேலே கண் முன்னால் நிற்கிற எழுபது வருஷ லேத்தைச் சம்மட்டியால் அடிக்கிறோம். என்ன கணக்கு இது?

அந்தச் சிலப்பதிகாரமே நமக்கு எப்படிக் கிடைத்தது? ஓலைச்சுவடிகளை வீட்டுக்காரர்கள் 'யாருக்குப் புரியப் போகிறது' என்று பரணில் போட்டு, செல்லரித்ததும் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டார்கள். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனபோது, பழைய ஏடுகளை ஹோமத் தீயில் போட்டுவிட்டதாக அங்கே சொன்னார்கள் என்று தன் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். சுவடி வைத்திருந்தவர்கள் கெட்டவர்களா? இல்லை. அவர்களும் நம்மைப் போலத்தான். தாத்தா போனபின் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பொருளை ஒழித்தார்கள். நல்லவேளை, கும்பகோணம் கல்லூரி வாத்தியார் ஒருவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். 1892இல் சிலப்பதிகாரம் அச்சில் வந்தது. அந்தக் காவியத்தின் பெயரில் நம் ஊரில் கலைக்கூடமே இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்த பிறகு அவர் சேர்த்த புத்தகங்கள் சிதறிப் போகாமல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அவை நாட்டை விட்டுப் போகாமல் 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாயின. ஏட்டுக்கு ஒரு ஐயர் வந்தார், புத்தகத்துக்கு ஒரு செட்டியார் வந்தார். உளிக்கும் லேத்துக்கும் யாரும் வரவில்லை. வரமாட்டார்கள். நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"அப்படியானால் அதையும் மியூசியத்தில் வைக்கச் சொல்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை. இங்கேதான் என் இரண்டாவது சண்டை.

காயலான் கடைக்காரர் போன பத்தாம் நாள் இன்னொருவர் வந்தார். விடுதி கட்டுகிறவர். மரியாதையான மனிதர். லேத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெயிண்ட் அடிச்சு, மேல கண்ணாடி போட்டு, ரிசப்ஷன்ல டேபிளா வச்சா பிரமாதமா இருக்கும். இருபத்தஞ்சாயிரம் தரேன்" என்றார். அண்ணனுக்கு முகம் மலர்ந்தது. அப்பாவின் மெஷின் நாலு பேர் பார்க்கும் இடத்தில் இருக்கும், பணமும் இரண்டு மடங்கு. எனக்கு என்னவோ வயிற்றைப் பிசைந்தது.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிங்கர் தையல் மெஷினின் இரும்புக் கால் காபி ஷாப்பில் மேஜைக் காலாகிவிட்டது. ஆட்டுக்கல் புல்வெளியில் நீரூற்று. கட்டை வண்டிச் சக்கரம் சுவரில் சாத்தி வைத்த அலங்காரம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தால் ஒரு மாகாணத்தின் வாழ்க்கையே விலை ஒட்டிக் கிடக்கும். அங்கே வாங்குகிறவர் ஒருவரும் அதை உபயோகிக்க வாங்குவதில்லை. செத்த பொருளை அப்படி வைப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. உடைந்த சக்கரம் சுவரில் சாய்ந்திருக்கட்டும். அபூர்வமான ஒன்று, ஊரிலேயே ஒன்றுதான் உண்டு என்றால் முட்டுக்காடு தட்சிணசித்ரா மாதிரி இடத்துக்குப் போகட்டும், நாலு பேர் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். ஆனால் ஸ்விட்சைப் போட்டால் ஓடுகிற லேத் செத்த பொருள் இல்லை. அதன் மேல் கண்ணாடி போடுவது, நடக்கத் தெரிந்தவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து மாலை போடுவது போல.

கருவி என்பது பார்ப்பதற்கு இல்லை. கையில் பிடித்து ஓட்டும்போதுதான் அது கருவி. அண்ணனிடம் இதைத்தான் சொன்னேன். "அப்போ இருபத்தஞ்சாயிரத்தை நீ தருவியா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் பின்னால் வருகிறது.

அடுத்து, "அது பழைய மாடல், இந்தக் காலத்துக்கு ஆகாது" என்பவர்கள். முப்பத்து மூன்று வருஷம் மின்வாரியத்தில் மோட்டாரோடு மல்லுக்கட்டியவன் என்பதால் இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் உண்டு. மரக் கடைசல் லேத்தில் பழையதாவதற்கு அதிகம் ஒன்றுமில்லை. ஒரு படுகை, கட்டையைச் சுழற்றும் தலை, மறுமுனையைத் தாங்கும் வால், உளியைச் சாய்த்துப் பிடிக்க ஒரு தாங்கி. நாலு படிக் கப்பியில் பெல்ட்டை மாற்றிப் போட்டால் வேகம் மாறும். பெருத்த கட்டைக்கு மெதுவாக, மெல்லிய கட்டைக்கு வேகமாக. புஷ் தேய்ந்தால் புதிது கடைந்து போடலாம். தோல் பெல்ட் போனால் வேறு பெல்ட். மோட்டார் மும்முனை மின்சாரத்துக்கானது என்றால், வாங்குகிறவர் வீட்டில் ஒருமுனை மட்டுமே இருந்தாலும் மோட்டாரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தேயாமல் நிற்பது அந்த வார்ப்பு இரும்பு. காயலான் கடைக்காரர் எடை என்று விலை பேசினாரே, அந்த எடைதான் அதன் குணமே. கோணல் கட்டையைச் சுழற்றும்போது இலேசான லேத் நடுங்கும், உளி துள்ளும், வேலை கரடுமுரடாகும். கனத்த வார்ப்பு இரும்பு அந்த நடுக்கத்தைத் தின்றுவிடும்.

ஆபத்து உண்டு என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். பழைய இயந்திரங்களில் பெல்ட்டுக்கு மறைப்புக் கிடையாது. பெரியப்பாவின் தோள் துண்டை ஒருமுறை கப்பி இழுத்துவிட்டது. கழுத்தில் சுற்றாமல் தோளில் சும்மா கிடந்ததால் துண்டோடு போயிற்று. அன்று முதல் லேத் முன்னால் யார் நின்றாலும் துண்டை ஆணியில் மாட்டச் சொல்வார், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டச் சொல்வார். ஆகவே கொடுக்கும்போது வலைத் தகட்டில் ஒரு மறைப்பும், கைக்கு எட்டும் இடத்தில் ஒரு ஸ்விட்சும் போட்டுக் கொடுங்கள். பெரிய செலவில்லை. ஆபத்து இருக்கிறது என்பது மறைப்புப் போடக் காரணம், உடைத்துப் போட இல்லை.

இதையெல்லாம்விடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதைச் சொன்னவர் அண்ணன்தான். விடுதிக்காரர் போன அன்று இரவு திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்.

"உனக்கு என்னடா, கவர்மெண்ட் உத்தியோகம். எனக்குப் பன்னெண்டு வயசுல ஸ்கூல் விட்டு வந்ததும் அந்தக் கப்பிக்கு எண்ணெய் விட்டவன் நான். கூலி கேட்டுப் போன எடத்துல கொல்லப்பக்கம் நிக்க வச்சாங்க. எம் புள்ளைங்க அதத் தொடக்கூடாதுன்னுதான் படிக்க வச்சேன். இப்ப அது ஒடஞ்சா எனக்கு நிம்மதிதான்."

இதற்கு உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கைத்தொழிலைப் பற்றி உருகி எழுதுகிறவர்களில் பலர் அதன் கூலியையும் அவமானத்தையும் பட்டதில்லை. நானும் பட்டதில்லை. 1953இல் ராஜாஜி அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. அடுத்த வருஷம் அவர் பதவி விலக, காமராஜர் வந்து அதை எடுத்துவிட்டார். எடுத்தது சரி. தச்சன் மகன் தச்சனாகத்தான் வேண்டும் என்று எவன் சொன்னாலும் அண்ணன் பக்கம்தான் நான் நிற்பேன்.

ஆனால் அண்ணனுக்கு நான் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு, இரண்டு நாள் யோசித்துச் சொன்னேன். அவமானம் செய்தது அந்த இரும்பு இல்லை, கொல்லைப்பக்கம் நிறுத்திய ஆட்கள். குலத்துக்கு ஒரு தொழில் என்பது உடைய வேண்டும் என்றால் லேத்தை உடைத்தால் உடையாது. எந்தக் குலத்தில் பிறந்தவனும் பிறந்தவளும் விரும்பினால் அந்த லேத்தின் முன்னால் நிற்கலாம் என்று ஆகும்போதுதான் உடையும். அண்ணன் பிள்ளைகள் அதைத் தொட வேண்டாம். தொட ஆசைப்படுகிற யாரோ ஒருவரின் கையிலிருந்து அதைப் பறிக்கவும் வேண்டாம். எடைக்குப் போடுவதில் பறிபோவது அதுதான்.

தேவை இல்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் நரசிங்கம்பேட்டை இருக்கிறது. நாதஸ்வரம் செய்யும் ஊர், 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்குப் பாரி நாயனம் செய்துகொடுத்த ரங்கநாதன் ஆசாரியின் ஊர். நாயனம் லேத்தில் கடைந்து துளை போடுகிற வேலை. அதற்கு எந்த மரம் தெரியுமா? புதிதாக வெட்டிய மரம் ஆகாது. வைரம் பாய்ந்து வருஷக்கணக்கில் உலர்ந்த ஆச்சா மரம் வேண்டும். பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் உத்திரத்தையும் தூணையும் தேடி வாங்குவார்கள். ஒரு வீட்டில் பாரம் தாங்கிய கட்டை இன்னொரு வீட்டுக் கல்யாணத்தில் தோடி வாசிக்கிறது. இடிக்கிற வீட்டுக்காரர் 'விறகு' என்று விற்றிருந்தால் அந்த நாயனம் இல்லை. தஞ்சாவூர் வீணைக்கும் 2013இல் குறியீடு கிடைத்தது. பண்ருட்டிப் பலா மரத்தில் குடம் குடைந்தாலும் அதன் பிரடைகளைக் கடைந்துதான் ஆகவேண்டும். குறியீடு வாங்கியதற்குக் கைதட்டுகிற நாம், அந்த வேலைக்கு ஆகும் இயந்திரம் நம் கொல்லையில் இருந்தால் என்ன செய்கிறோம்?

அரசாங்கங்கள் சும்மா இருப்பதாகவும் சொல்லவில்லை. 2023இல் மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் வந்தது, கருவி வாங்க 15,000 ரூபாய் என்றார்கள். குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை ஏற்க முடியாது என்று நம் மாநிலம் மறுத்து, 2025இல் கலைஞர் கைவினைத் திட்டம் கொண்டுவந்தது. 3 லட்சம் வரை கடன், 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 வரை மானியம். அந்த வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்று என் கருத்து மேலே இருக்கிறது. ஆனால் இரண்டும் பணம் கொடுத்து வாங்குவதைப் பற்றிய பேச்சு. 15,000 ரூபாய்க்கு இந்தக் கனத்தில் புது லேத் வருமா? வராது. அதே ஊரில் அதைவிடக் குறைந்த விலைக்கு, ஓடுகிற லேத் ஒன்று உருக்காலைக்குப் போகிறது. நடுவில் ஒரு பாலம் போடுவதற்குச் சட்டமும் வேண்டாம், திட்டமும் வேண்டாம். ஒரு வீட்டுக்காரரும் நாலு போன் அழைப்பும் போதும்.

நாங்கள் போட்ட பாலத்தைச் சொல்கிறேன். முதலில் லேத்தைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஒருமுறை ஓட்டி, அதைப் போனில் படம் எடுத்தோம். ஓடுகிறது என்று காட்டினால்தான் ஓட்டுகிறவன் வருவான். அடுத்தது சில்லறைச் சாமான்கள். தாங்கி, மையக் கூர், தகட்டுச் சக்கை, நீளப்பிடி உளிகள், பெரியப்பா அளவு குறித்து வைத்த மரச்சட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டினேன். வீட்டை ஒழிக்கிறவர்கள் செய்யும் பெரிய தப்பு இந்தச் சாக்கைத் தனியாகத் தூக்கிக் கொடுத்துவிடுவது. அது இல்லாத லேத் நிஜமாகவே எடைக்குத்தான் லாயக்கு. பிறகு மர அறுவை மில்களில் சொல்லி வைத்தேன். யார் கடைசல் கட்டை அறுத்து வாங்குகிறார்கள் என்று மில்காரருக்குத் தெரியாமல் இருக்காது. உளி சாணை பிடிக்கிறவரிடம் சொன்னேன். தேர் வேலை பார்க்கிற ஸ்தபதி ஒருவரிடமும், ஐ.டி.ஐ.யில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற நண்பரிடமும் சொன்னேன்.

இரண்டு மாதம் ஆயிற்று. ஐந்து பேர் வந்து பார்த்தார்கள். ஐந்தாவதாக வந்தவர் மயிலாடுதுறைக்கு மேற்கே ஒரு கிராமத்துப் பையன். தச்சுக் குடும்பம் இல்லை. ஃபிட்டர் படித்துவிட்டுத் திருப்பூரில் இருந்தவர், 2020 கொரோனாவில் ஊர் திரும்பி, பழைய மோட்டாரை வைத்துத் தானே ஒரு லேத் கட்டி, சப்பாத்திக் கட்டையும் மத்தும் கடைந்துகொண்டிருக்கிறார். மனைவியும் கூட உட்கார்ந்து கடைகிறார், சாயம் ஏற்றுகிறார். இருவருமே வந்தார்கள். அந்தப் பெண் லேத்தின் படுகையில் உள்ளங்கையை வைத்து, மோட்டாரைப் போடச் சொல்லி, "ஆடவே இல்லைங்க" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அவர்களிடம் இருந்தது 8,000 ரூபாய். காயலான் கடைக்காரர் சொன்னதைவிட 3,400 குறைவு. விடுதிக்காரர் சொன்னதைவிட 17,000 குறைவு. அண்ணன் என்னைப் பார்த்தார். பெரியம்மா அதுவரை ஒன்றும் சொல்லாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தவர், "சும்மா கெடக்கறதுக்கு அதுங்க ஓட்டட்டும்டா" என்றார். முடிந்தது.

அண்ணன் கேட்ட கேள்விக்கு என் பதில் அந்த 17,000தான். மூன்று பிள்ளைகளுக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு ஆறாயிரம்கூட வராது. என் பங்காக ஏதாவது தருகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன், அவர் வாங்கவில்லை. ஆனால் நஷ்டம் நஷ்டம்தான், அதை இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். கையில் பணமில்லாத வீடாக இருந்தால், மருந்துச் செலவு கழுத்தை நெரித்தால், அதிக விலைக்கே விற்றுக்கொள்ளுங்கள், நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். நான் பேசுவது நம்மைப் போன்ற வீடுகளை. கருமாதிக்கு இலைக்குப் பதினாறு வகை போட்டவர்கள், 17,000 போயிற்றே என்று கணக்குப் பார்க்கிற வீடுகளை.

இரண்டே நிபந்தனை போட்டோம். மறைப்பு இல்லாமல் ஓட்டக்கூடாது. என்றாவது வேண்டாம் என்றால் எடைக்குப் போடாமல் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பத்திரம் எழுதவில்லை. சங்கிலிக் கப்பி வைத்து, கீழே மர உருளை கொடுத்து, ஆறு பேர் ஏற்றினோம். அண்ணன் ஒன்றும் பேசாமல் கப்பிக்கு எண்ணெய் விடும் துளை எங்கே இருக்கிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை விட வேண்டும் என்று அந்தப் பையனுக்குக் காட்டிக்கொடுத்தார். பன்னிரண்டு வயதில் கற்றது, மறக்கவில்லை.

இந்த வருஷமும் ஆயுத பூஜை வரும். தறி, தையல் மெஷின், இழைப்புளி, வாய்ச்சி, கொல்லன் துருத்தி, ரைஸ் மில் பெல்ட் என்று உங்கள் வீட்டிலும் அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன ஒன்று கொல்லையில் சாக்கு மூடிக் கிடக்கும். வருஷம் ஒருநாள் துடைத்துப் பொட்டு வைத்துச் சுண்டல் படைத்துவிட்டு, பதினோராவது மாதம் எடைத்தராசில் ஏற்றுவதற்குப் பெயர் பக்தி இல்லை. பொட்டு வைக்காவிட்டாலும் பரவாயில்லை. சாக்கை எடுத்து, எண்ணெய் விட்டு, ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் மர மில்காரருக்கு ஒரு போன் போடுங்கள். இரண்டு மாதம் பொறுங்கள்.

காயலான் கடைக்காரர் எங்கேயும் போய்விட மாட்டார். வேறு யாரும் வராவிட்டால் அவரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். முதல் ஆளாக மட்டும் அவரைக் கூப்பிடாதீர்கள்.